இல்லாத மண்டபத்தின் முழக்கம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் குரலைப் பதிவு செய்து வைக்கும் வேலையில் நாமும் நண்பர் இருவரும் இறங்கினோம். பழம்பாடல்களைச் சீர் பிரித்து, பொருளுக்கேற்ற இடத்தில் நிறுத்தி, இசையாகவும் அல்லாமல் வெறும் வாசிப்பாகவும் அல்லாமல் ஓதும் ஒரு முறை அவரிடம் இருந்தது. அவருடைய வீட்டு முன்னறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, பதினொரு மாலைப் பொழுதுகளில் பதினொரு கோப்புகள் சேர்ந்தன. மூன்று பக்கமும் புத்தக அலமாரிகள் நிறைந்த சிற்றறை அது. குரல் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. ஆனால் கேட்கும்போது ஏதோ குறைவதாகப் பட்டது. கணினி அறிந்த நண்பர் அதற்கு ஒரு மருந்து வைத்திருந்தார். ஒலித்தொகுப்பு மென்பொருளில் 'ரிவெர்ப்' என்றொரு பலகத்தைத் திறந்து, 'பெரிய மண்டபம்' என்ற பொருள்படும் ஆயத்த அமைப்பைச் சொடுக்கினார். அறை மறைந்தது. ஐயா ஏதோ ஓர் ஆயிரங்கால் மண்டபத்தின் நடுவே நின்று ஓதுவதுபோல் ஒலித்தது. மூவரும் மெய்ம்மறந்து போனோம்.

மறுநாள் அதை ஐயாவுக்கே போட்டுக் காட்டினோம். இரண்டு பாடல்கள் வரை பொறுமையாகக் கேட்டவர், "ஏம்ப்பா, என்னைக் கிணத்துக்குள்ள இறக்கிட்டீங்களா?" என்றார். பிறகு, ஓரிடத்தில் தாம் ஓதிய சொல் 'வலி'யா 'வழி'யா என்று தமக்கே தெரியவில்லை என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டே திரும்பி வந்து பழைய கோப்புகளைத் திறந்தபோதுதான் செய்த பிழை தெரிந்தது. பதினொன்றில் இரண்டை, மண்டபம் சேர்த்த வடிவத்திலேயே, மூலத்தின் மேல் எழுதிச் சேமித்திருந்தோம். மூலம் போய்விட்டது. மீண்டும் பதிவு செய்யலாம் என்று நாள் குறித்துக்கொண்டிருந்தபோதே ஐயா நோயில் விழுந்தார், எழவில்லை.

அந்தப் பலகத்தில் இருந்த குமிழ்கள் என்ன செய்கின்றன என்று அறியாமலேயே அவற்றைத் திருகியிருக்கிறோம் என்ற உறுத்தலே, இந்தக் கருவியின் வரலாற்றைத் தேடிப் படிக்க நம்மைத் தூண்டியது. படிக்கப் படிக்க, ஒவ்வொரு குமிழுக்குப் பின்னாலும் ஒரு மனிதரும் ஓர் ஆண்டும் நிற்பது தெரியவந்தது. இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் இதென்ன இயந்திரக் கதை என்று எண்ண வேண்டாம். எழுத்தும் ஒலியும் பிரியும் இடம் வரை இது செல்லும்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் பாடநூல்கள் எதிரொலி என்றும் எதிர்முழக்கம் என்றும் இரண்டாகப் பிரித்துச் சொல்வது மிகச் சரியான பிரிவு. மலைமுன் நின்று கூவினால் கூவிய சொல் தனியாகத் திரும்பி வருகிறதே, அது எதிரொலி. மண்டபத்தில் பேசும்போது சுவர், கூரை, தரை, தூண் என எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும் ஆயிரக்கணக்கான எதிரொலிகள், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய முடியாதபடி நெருங்கி வந்து, ஒரே முழக்கமாகத் தேய்ந்து அடங்குவது எதிர்முழக்கம். ரிவெர்ப் என்பது இரண்டாவது.

இந்தத் தேய்வை அளக்க முடியும் என்று காட்டியவர் வாலஸ் சபீன். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-இல் ஃபாக் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, அதன் விரிவுரைக் கூடத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்கவில்லை. பேசிய சொல் ஐந்தரை நொடிக்கு மேல் காற்றில் தங்கியது. அதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் அதன்மேல் ஏறிவிடும். இதைச் சரிசெய்யும் பொறுப்பு இருபத்தேழு வயதான உதவிப் பேராசிரியர் சபீனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரிடம் இருந்த கருவிகள்: ஓர் ஆர்கன் குழல், ஒரு நிறுத்துகடிகாரம், தம் காது. அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் எடுத்துவந்து கூடத்தில் பரப்புவார். குழலை ஊதி நிறுத்துவார். ஒலி காதுக்கு எட்டாமல் போகும்வரை நேரம் எண்ணுவார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைப்பார். மெத்தை கூடக்கூட முழக்கம் குறைந்தது. எல்லா மெத்தைகளும் வந்து சேர்ந்தபோது ஒரு நொடிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கியது. 1898-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், தம் அளவைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, அவற்றுக்கிடையே எளிய ஒரு விதி இருப்பதைக் கண்டார். கூடத்தின் கன அளவு கூடினால் முழக்கம் நீளும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறுகும். மீட்டர்க் கணக்கில், கன அளவை உறிஞ்சும் பரப்பால் வகுத்து 0.161-ஆல் பெருக்கினால், ஒலி அறுபது டெசிபெல் இறங்க, அதாவது அதன் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேய, ஆகும் நேரம் நொடிகளில் கிடைக்கும். 1900 அக்டோபரில் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி ஹால் இந்தக் கணக்கை வைத்துக் கட்டப்பட்ட முதல் இசையரங்கு. இன்றும் உலகின் மிகச் சிறந்த அரங்குகளில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது.

வகுப்பறையில் நிற்பவர்கள் இந்தக் கணக்கை நாள்தோறும் அனுபவிக்கிறோம், அறியாமல். ஆறு மீட்டர் அகலம், எட்டு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம் கொண்ட அறை 144 கன மீட்டர். வெறும் சிமெண்டுச் சுவரும் மர மேசைகளுமாகச் சேர்ந்து 15 சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை உறிஞ்சுகின்றன என்று கொண்டால், முழக்கம் ஏறத்தாழ ஒன்றரை நொடி. நாற்பது மாணவர் வந்து அமர்ந்தால், ஆளுக்கு 0.45 சதுர மீட்டர் என்று வைத்தாலும் இன்னும் 18 சேரும், முழக்கம் 0.7 நொடியாகச் சுருங்கும். மாணவர் வராத நாளில் நம் குரல் நமக்கே பெரிதாகக் கேட்பதன் காரணம் வேறொன்றுமில்லை.

இனி மென்பொருளின் பலகத்துக்கு வருவோம். 'டிகே' என்றோ 'ரிவெர்ப் டைம்' என்றோ எழுதியிருக்கும் குமிழ் சபீனுடையது. அதில் 2 என்று வைத்தால், அறுபது டெசிபெல் தேய இரண்டு நொடி என்று பொருள். நாங்கள் சொடுக்கிய ஆயத்த அமைப்பில் அது நான்குக்கு மேல் இருந்தது. ஃபாக் கூடத்தை நோக்கி முக்கால் வழி சென்றுவிட்டிருக்கிறோம்!

அறையை அளப்பது ஒன்று. இல்லாத அறையை உண்டாக்குவது மற்றொன்று. வானொலியும் இசைத்தட்டும் பெருகிய காலத்தில், கலையகத்தின் திரைபோட்ட அறையில் பதிவான குரலுக்கு முழக்கம் சேர்க்க ஒரு வழி கண்டார்கள். வெற்றறை ஒன்றில் ஒலிபெருக்கியை வைத்துக் குரலை ஒலிக்கவிட்டு, தள்ளி வைத்த ஒலிவாங்கியால் திரும்பப் பிடிப்பது. 1947-இல் சிகாகோவில் பில் புட்னம், ஹார்மோனிகாட்ஸ் குழுவின் 'பெக் ஓ மை ஹார்ட்' இசைத்தட்டுக்கு, கட்டடத்தின் குளியலறையையே இதற்குப் பயன்படுத்தினார். தட்டு அமோகமாக விற்றது. குளியலறையில் பாடினால் எல்லாருக்கும் குரல் இனிப்பது ஏன் என்ற பழைய கேள்விக்கு வணிகம் கொடுத்த விடை என்று இதைச் சொல்லலாம். இத்தகைய அறைகளில் முழக்கத்தின் அளவை மாற்ற வேண்டுமானால் சுவரை மாற்ற வேண்டும். ஆனால் ஒன்று மட்டும் கையில் இருந்தது: அறையிலிருந்து திரும்பும் ஒலியை மூலத்தோடு எந்த விகிதத்தில் கலப்பது என்பது. அந்தக் கலவையே இன்றைய பலகத்தில் 'டிரை', 'வெட்' என்று இரு பெயரில் நிற்கிறது. உலர்ந்தது மூலக் குரல், நனைந்தது முழக்கம்.

1957-இல் ஜெர்மனியின் ஈ.எம்.டி. நிறுவனம், வால்டர் கூல் என்பவரின் ஆய்வை வைத்து, அறையே தேவையில்லை என்று காட்டியது. ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவுள்ள, அரை மில்லிமீட்டர் தடிப்பே கொண்ட எஃகுத் தகடு. சட்டத்தில் இழுத்துக் கட்டித் தொங்கவிடப்பட்டது. ஓரிடத்தில் அதை அதிரச் செய்து, வேறோரிடத்தில் அதிர்வைப் பிடிப்பார்கள். பெட்டியோடு சேர்த்து எடை ஏறக்குறைய 270 கிலோ. ஈ.எம்.டி. 140 என்ற இந்தக் கருவியில்தான் தேய்வுநேரம் முதன்முதலாகக் கைக்கு வசப்பட்டது. தகட்டுக்கு இணையாக ஒலியுறிஞ்சும் பலகை ஒன்று இருக்கும். சக்கரத்தைச் சுழற்றி அதைத் தகட்டின் அருகே கொண்டுவந்தால் முழக்கம் குறுகும், விலக்கினால் நீளும். இன்றைய மென்பொருளில் 'பிளேட்' என்று ஓர் ஆயத்த அமைப்பு இருக்கிறதே, அது இந்த எஃகுத் தகட்டின் நினைவு. உலகில் எந்த மண்டபமும் அப்படி ஒலிப்பதில்லை. ஆயினும் பல்லாண்டு இசைத்தட்டுகளில் கேட்டுக் கேட்டு, பாடகரின் குரல் அப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று காது பழகிவிட்டது.

எண்களால் முழக்கத்தைச் செய்யலாம் என்று முதலில் எழுதியவர் பெல் ஆய்வகத்தின் மன்ஃப்ரெட் ஷ்ரோடர். 1961, 1962-ஆம் ஆண்டுகளில் வெளியான கட்டுரைகளில் அவர் முன்வைத்த வழி வியக்கத்தக்க எளிமை கொண்டது. ஒலியின் அளவைகளை வரிசையாக நினைவகத்தில் தேக்கிவைத்து, 30 மில்லிநொடி கழித்து வெளியே எடுத்து, சற்றுக் குறைத்து, மீண்டும் உள்ளேயே விடுவது. ஒரு சுற்று முடிந்தால் ஓர் எதிரொலி. சுற்றிச் சுற்றி வர, தேய்ந்து அடங்கும். இப்படி நான்கு சுற்றுகளை இணையாக ஓடவிட்டு, அவற்றின் கூட்டுத்தொகையை எதிரொலிகளை மேலும் நெருக்கும் வேறிரண்டு சிறு சுற்றுகளின் வழியே செலுத்தினார். நொடிக்கு ஏறக்குறைய ஆயிரம் எதிரொலிகளாவது இருந்தால்தான் படபடப்பு மறைந்து காது அதை ஒரே முழக்கமாக ஏற்கும் என்பது அவர் கணிப்பு.

நான்கு சுற்றுகளும் ஒரே நீளமாக இருக்கக் கூடாது. பொதுவான வகுஎண்ணும் இருக்கக் கூடாது. தாளம் அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நான்கும் ஆறும் பன்னிரண்டில் சந்தித்துவிடும்; ஐந்தும் ஏழும் முப்பத்தைந்து வரை சந்திக்கா. சுற்றுகள் அடிக்கடி சந்தித்தால் அந்தச் சந்திப்பு ஒரு தட்டலாகவோ உலோக ரீங்காரமாகவோ கேட்கும். 2000-ஆம் ஆண்டளவில் 'ஜெஸர்' என்ற பெயரில் ஒருவர் எழுதி யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்ட 'ஃப்ரீவெர்ப்' நிரலில் எட்டுச் சுற்றுகள் இருக்கின்றன. முதலாவது 1116 அளவைகள், கடைசி 1617. நொடிக்கு 44,100 அளவைகள் என்ற கணக்கில் 25 முதல் 37 மில்லிநொடி வரை. நாம் இலவசமாக இறக்கிப் பயன்படுத்தும் பல மென்பொருள்களின் உள்ளே இன்றும் ஷ்ரோடரின் இந்த எண்ணமே ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சுற்றைப் புரிந்துகொண்டால் டிகே குமிழைக் கையாளும் நுட்பமும் பிடிபடும். 30 மில்லிநொடிச் சுற்றில் இரண்டு நொடி முழக்கம் வேண்டுமானால், ஒவ்வொரு சுற்றிலும் ஒலி 0.90 மடங்காகக் குறைய வேண்டும். நான்கு நொடி வேண்டுமானால் 0.95. ஒரு நொடிக்கு 0.81. இரண்டுக்கும் நான்குக்கும் இடையே உள்ளே மாறுவது வெறும் ஐந்து நூற்றிலொரு பங்கு. வெளியே மாறுவதோ ஓர் அறைக்கும் ஒரு தேவாலயத்துக்கும் உள்ள வேறுபாடு. மடங்கு சரியாக 1 ஆகிவிட்டால் ஒலி அடங்கவே அடங்காது. சில கருவிகளில் 'ஃப்ரீஸ்' என்ற பொத்தான் இதைத்தான் செய்கிறது.

ஷ்ரோடரின் எண்ணம் கடைக்கு வரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 1976-இல் ஈ.எம்.டி. 250 வெளிவந்தது. வடிவமைப்பில் முதன்மைப் பங்கு எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த பேரி பிளெசருடையது. தரையில் நிற்கும் அறைச்சூடேற்றியைப் போன்ற தோற்றம். மேற்புறத்தில் விமானியின் கைப்பிடிகளைப் போன்ற நெம்புகோல்கள். ஒன்று தேய்வுநேரத்துக்கு. இன்னும் இரண்டு, தாழ்ந்த ஒலிகளும் உயர்ந்த ஒலிகளும் தனித்தனியே எவ்வளவு நேரத்தில் தேய வேண்டும் என்பதற்கு. நான்காவது, முழக்கம் தொடங்கும் முன் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதற்கு. 1978-இல் அறிமுகமான லெக்சிகன் 224-இல் இவை நகர்த்திகளாக மாறின. அதை வடிவமைத்த டேவிட் கிரீசிங்கர் இயற்பியலாளர். சுற்றின் நீளத்தை ஓயாமல் சிறிது சிறிதாக அசைத்துக்கொண்டே இருந்தால் உலோக ரீங்காரம் கரைந்துபோகும் என்பது அவர் கையாண்ட வழி. 1982-இல் வந்த 'பிளேட் ரன்னர்' படத்துக்கு வாஞ்சலிஸ் அமைத்த இசையின் மாபெரும் வெளி இந்தப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. நாம் இன்று திரையில் காணும் பலகம் பெரும்பாலும் இவ்விரு கருவிகளின் வாரிசு என்றே சொல்லலாம்.

இவற்றுள் இரண்டு குமிழ்களிடம் சற்று நின்று செல்ல வேண்டியிருக்கிறது. முதலாவது, 'டேம்பிங்'. மெய்யான மண்டபத்தில் உயர்ந்த ஒலிகள் விரைவில் தேய்கின்றன. காற்றே அவற்றைத் தின்றுவிடுகிறது. திரைச்சீலையும் உடையும் மிச்சத்தைத் தின்னும். எண்சுற்றுக்கு இது தெரியாது. 1979-இல் ஜேம்ஸ் மூரர், சுற்றின் உள்ளேயே உயர்ந்த ஒலிகளை மட்டுப்படுத்தும் வடிகட்டியை வைத்த பிறகுதான் கணினி முழக்கத்தின் சீறல் அடங்கியது. மனிதக் குரலுக்கு இந்தக் குமிழைக் குறைவாக வைத்தால் ஒவ்வொரு சகரமும் சீறிக்கொண்டு வால் நீட்டும். நாங்கள் தொடவேயில்லை.

இரண்டாவது, 'ப்ரீடிலே'. நம் கதை முழுவதும் இந்தக் குமிழில்தான் இருக்கிறது. தொல்காப்பிய நூன்மரபு மாத்திரைக்கு இலக்கணம் சொல்கையில் கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் அளவாக வைக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. (அறையின் முழக்கத்தைச் சோதிக்கப் பொறியாளர்கள் இன்றும் கை தட்டியோ நொடித்தோதான் பார்க்கிறார்கள் என்பது நமக்கு மகிழ்ச்சி தந்த செய்தி.) சொல்லைச் சொல்லிலிருந்து பிரிப்பது பெரும்பாலும் அந்த அரை மாத்திரை மெய்கள், ஆற்றல் குறைந்தவை அவையே. முழக்கமோ உயிரெழுத்துகளால், அதிலும் நெடிலால், வளர்வது. முந்தைய நெடிலின் வால் அடுத்த மெய்யின்மேல் படரும்போது லகரமும் ளகரமும் ழகரமும் ஒரே மங்கலில் விழுகின்றன. ஐயாவுக்கு 'வலி'யும் 'வழி'யும் பிரியாமல் போனது இதனால்தான்.

ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தம் ஆய்வேட்டில் காட்டியது இங்கே துணை வருகிறது. நேர் ஒலிக்குப் பின் ஏறத்தாழ 30 மில்லிநொடிக்குள் வரும் ஒற்றை எதிரொலியை, அது மூலத்தைவிடச் சற்று உரத்ததாக இருந்தாலும்கூட, காது தனியாகக் கேட்பதில்லை, மூலத்தோடு சேர்த்துக்கொள்கிறது. ஆகவே முழக்கத்தை உடனே தொடங்கவிடாமல் 20 அல்லது 30 மில்லிநொடி நிறுத்திவைத்தால், சொல்லின் முதல் மெய் தூய்மையாக வந்து சேர்ந்த பிறகே முழக்கம் எழும். இரண்டாகவும் பிரிந்து கேட்காது. ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் செல்வதால், 20 மில்லிநொடி என்பது ஏழு மீட்டர் கூடுதல் வழி. பேசுபவருக்கும் மிக அருகிலுள்ள சுவருக்கும் இடையே மூன்றரை மீட்டர் இருப்பதைப் போன்றது. குரலை நெருக்கத்தில் வைத்துக்கொண்டே மண்டபத்தைப் பெரிதாக்கும் உபாயம் இது. எங்கள் ஆயத்த அமைப்பில் அது சுழியத்தில் இருந்தது. ஐயாவைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு மண்டபத்தை நிரப்பியிருக்கிறோம்.

'டிஃப்யூஷன்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எதிரொலிகளின் நெருக்கம் அது, பேச்சுக்கு மிகுதியாக வைப்பதே நலம். லண்டனின் டவுன்ஹவுஸ் கலையகத்தில் பிறந்து 1980-களில் ஃபில் காலின்ஸின் முரசொலியால் உலகெங்கும் பரவிய, முழக்கத்தைச் சட்டென்று வெட்டி நிறுத்தும் பாணி நமக்கு ஒவ்வாதது. அதை விரும்புவோர் இருக்கட்டும்.

1999-இல் சோனியின் ஒரு கருவி வேறு வழியைத் திறந்தது. சுற்றுகளால் மண்டபத்தைப் போலச் செய்வதை விட்டு, மெய்யான மண்டபத்தில் ஓர் ஒலியை எழுப்பி, அதன் முழக்கத்தைப் பதிவு செய்து, அந்தப் பதிவை எந்தக் குரலோடும் கணக்கால் பெருக்கிச் சேர்ப்பது. 'கன்வொல்யூஷன்' எனப்படும் இம்முறையின் உச்சமான பயன்பாடு இஸ்தான்புல்லில் நிகழ்ந்தது. 537-இல் கட்டி முடிக்கப்பட்ட ஹாகியா சோபியா, அருங்காட்சியகமாக இருந்த நாளில் உள்ளே பாட இசைவில்லை. 2010-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களுக்காக அங்கே சில பலூன்கள் வெடிக்கப்பட்டன. சிறு வெடிப்பு, பதினொரு நொடியளவு நீளும் முழக்கம். அந்த வெடிப்புகளிலிருந்து மண்டபத்தைக் கணக்கால் வடித்தெடுத்து, கப்பெல்லா ரொமானா குழுவினர் பாடிய பைசாந்தியப் பாடல்களுக்குச் சேர்த்து, 2019-இல் இசைத்தொகுப்பாக வெளியிட்டார்கள். சொல் விளங்குவது அங்கே நோக்கமில்லை. உயிரெழுத்தின் நீட்சியே வழிபாடு. பதினொரு நொடி அங்கே பொருந்துகிறது. சீர் பிரித்து ஓதும் வெண்பாவுக்கு அது நஞ்சு.

மூலம் தப்பிய ஒன்பது கோப்புகளையும் முதலில் படியெடுத்து மூன்று இடங்களில் வைத்தோம். பின்னர் அமர்ந்து, முழக்கத்தை முழுதும் இறக்கிவிட்டு, காதால் மட்டும் தேடினோம். தேய்வுநேரம் 0.9 நொடி, ப்ரீடிலே 25 மில்லிநொடி, டேம்பிங் பாதிக்கு மேல், வெட் அளவை, கேட்கிறது என்று தெரியும்வரை ஏற்றி, தெரிந்த இடத்திலிருந்து சற்று இறக்கி நிறுத்தினோம். இருக்கிறதா இல்லையா என்று ஐயம் வரும்; எடுத்துவிட்டால்தான் இருந்தது புரியும். ஐயாவின் மகளுக்குக் கேட்கக் கொடுத்தபோது, "அப்பா முன்னறையில்தானே உட்கார்ந்திருக்கிறார்?" என்றார்.

மற்ற இரண்டு கோப்புகளை முழக்கம் நீக்கும் மென்பொருள்களில் இட்டுப் பார்த்தோம். வால் குறைகிறது. ஆனால் அதோடு சேர்ந்து மெய்களின் விளிம்பும் தேய்ந்து, குரல் நீருக்கடியில் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. ஆகவே அவற்றை அப்படியே விட்டிருக்கிறோம். எந்தக் கோப்பில் மண்டபம் நாங்கள் சேர்த்தது என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறோம்.